இரண்டாம் திண்டின் அடியில் ஒரு தேசிக்காய்

போன கோடையில் கூடாரம் அடிக்கும் ஒரு கம்பனியோடு ஊர் ஊராகத் திரிந்துகொண்டிருந்தேன். கல்யாணம், வைன் விழா, தீயணைப்புப் படையின் கொண்டாட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்க் கம்பி நட்டு, துணி இழுத்துக் கட்டி, மூன்றாம் நாள் எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிக்கொண்டு வரும் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை லொறி போய் நின்ற இடம் எனக்குத் தெரிந்த இடமாக இருந்தது. கொலோனுக்கு வடக்கே, ரைன் ஆற்றின் அணைக்கரைக்குக் கீழே கிடக்கும் பேஸ்போல் மைதானம். பத்து வயதுவரை நான் வளர்ந்த சிறு நகரம் அது. கழகத்துக்கு ஏதோ ஆண்டு நிறைவாம்.

தண்ணீர் குடிக்கக் கழக வீட்டுக்குள் போனபோது நடைச் சுவரில் படங்கள் தொங்கின. என் சின்ன வயதில் மூன்றுதான் இருந்தன. இப்போது எட்டு. நாலாவது படத்தில் ஒரு ஆட்டக்காரர் செம்மண் புழுதிக்குள் குப்புறக் கிடக்கிறார். இரண்டு கையாலும் ஒரு வெள்ளைத் திண்டைக் கட்டிப் பிடித்திருக்கிறார். எங்களை முதலாம் பிரிவுக்குக் கொண்டுபோன ஓட்டம் என்று கீழே எழுதியிருந்தது. படத்தின் ஓரத்தில், மண் வாரும் வாரி ஒன்றின் பிடியும் அதைப் பிடித்திருக்கும் ஒருவரின் கால்களும் மட்டும் தெரிந்தன. சப்பாத்து நூல்கள் இரண்டும் வேறு வேறு நிறம். அவை என் மாமாவின் கால்கள்.

மாமா அம்மாவுக்கு இளையவர். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது வந்து சேர்ந்தார்; எங்கள் வீட்டு விறாந்தையறைச் சோபாவில் படுத்தார். அவருடைய அகதி வழக்கு தள்ளுபடியாகி, கையில் டுல்டுங் என்ற தாள் மட்டும் இருந்தது. நீ இங்கே இருக்க உரிமை இல்லை, ஆனால் இப்போதைக்கு உன்னைத் திருப்பி அனுப்பவில்லை என்பதுதான் அந்தத் தாள் சொல்லும் சங்கதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் நின்று நீட்டிக்கொண்டு வரவேண்டும். நாட்டில் சண்டை முடிந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று அங்கே கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த நாட்களில்தான் அவர் கழகத்தின் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒட்டிக்கொண்டார். புல் வெட்டுவது, மண்ணை வாருவது, கோடு போடுவது. வேலை என்று தாளில் எழுத முடியாத வேலை.

பேஸ்போல் அவருக்கு முதலில் விளங்கவில்லை. கிரிக்கெட்டை ஒரு மூலைக்குள் மடித்து வைத்ததுபோல இருக்கிறது என்றார். ஒருவர் எறிவார், ஒருவர் அடிப்பார், அடித்தவர் மூன்று வெள்ளைத் திண்டுகளையும் ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்து சேரவேண்டும்; அந்த இடத்துக்கு வீடு என்று பெயர். இவ்வளவு கஷ்டப்பட்டு ஓடி வீட்டுக்கு வந்து சேர்ந்தால்தான் ஒரு புள்ளி தருகிறார்கள் என்பதில் மாமாவுக்குப் பெரிய வியப்பு.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். மாமா சுவரிலிருந்த மூன்று படங்களையும் காட்டிக் கழகத்தின் சரித்திரம் சொல்வார். அவருக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. அதனால் சரித்திரம் நாளுக்கு நாள் வளர்ந்தது. முதலாவது படத்தில் பனிக்குள் நாலைந்து அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டையோடு நிற்பார்கள். அடித்த பந்து பனிக்குள் புதைந்துவிட்டதாம். வசந்தத்தில் பனி உருகும்வரை அப்படியே நின்று காத்திருந்தார்களாம். உலகத்திலேயே நீளமான ஆட்டம் அதுதானாம். இரண்டாவது படத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பந்தைத் தூக்கிப் பிடித்திருப்பார். அவர் ஆற்றுக்குள் இருப்பவர், ஆறு விழுங்கிய பந்துகளை வருடத்துக்கு ஒரு தரம் கொண்டுவந்து திருப்பிக் கொடுப்பவர். மூன்றாவதில் பந்து எறிகிற ஒருவரை மற்றவர்கள் தோளில் தூக்கிச் செல்வார்கள். அவருடைய கண்கள் மூடியிருக்கும். எறிந்து எறிந்து நித்திரையாகிப் போனார், எழுப்பாமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்பார் மாமா.

எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும். ஆனாலும் படத்தின் கீழே எழுதியிருந்ததை வாசித்துப் பார்க்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. போன கோடையில்தான் வாசித்தேன். முதலாவது, கழகம் தொடங்கிய நாள். இரண்டாவது, ஆறு பெருகி மைதானத்துக்குள் வந்தபோதும் நிறுத்தாமல் ஆடி முடித்த ஒரு கோப்பை ஆட்டம். மூன்றாவது, எதிரணியில் ஒருவரைக்கூட முதலாம் திண்டுக்கு வரவிடாமல் எறிந்த ஒரே நாள். உண்மையும் மோசமில்லை. ஆனால் அவ்வளவு நேரம் மனதில் நிற்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதான வசந்தத்தில் கழகத் தலைவர் மாமாவை அழைத்துப் பேசினார். தலைவருக்குச் சொந்தமாக ஒரு பெயின்ட் கடை; விரல் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். மொழிபெயர்க்க நான் போனேன். எங்கள் வீட்டில் அது என் வேலை. வைத்தியரிடம், தபால் கந்தோரில், அலுவலகத்தில் எல்லாம் பெரியவர்களுக்கு நான்தான் கதைத்தேன். விண்ணப்பத்துக்கு அன்ட்ராக், சந்திக்கும் நேரத்துக்கு டெர்மின் என்ற சொற்களை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்பே நான் படித்திருந்தேன். தலைவர் சொன்னது இதுதான்: அணி இந்த வருடம் முதலாம் பிரிவுக்குப் போனால், மைதானத்துக்கு முழுநேர ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பது விதி. அந்த ஆள் நீதான். வேலை ஒப்பந்தமும், நீ பொறுப்பானவன் என்று அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் நானே தருவேன்.

நான் சொல்லி முடித்ததும் மாமா தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“கடிதம் எண்டோ சொன்னவர்? திரும்ப ஒருக்காக் கேள் பிள்ளை.”

கேட்டேன். கடிதம்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் பேஸ்போல்காரர் ஆனோம். கொலோனில் ஒரு உணவகச் சமையலறையில் நின்ற அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்கு இடையில் போன் எடுத்து, எங்கட பெடியள் வெண்டவங்களோ என்று கேட்பார். எங்கட பெடியள் என்பது சம்பளத்துக்கு வந்த இரண்டு அமெரிக்கர், ஒரு பேக்கரிக்காரர், பல்லு வைத்தியத்துக்குப் படிக்கிற ஒருவர், இன்னும் பல வெள்ளைப் பெடியள். எந்தப் பக்கமாக ஓடவேண்டும் என்றுகூடத் தெரியாத அம்மா அவர்களுக்காக வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தார். பெடியள் வென்றுகொண்டே வந்தார்கள். கோடை முடிந்து, அணைக்கரைப் புல் மஞ்சளாகத் தொடங்கியபோது கடைசி ஆட்டம் ஒன்று மிஞ்சியிருந்தது. அதில் வென்றால் முதலாம் பிரிவு. தோற்றால் எதிரணி போகும். மாமாவின் தாள் அந்த மாத முடிவோடு முடிகிறது.

முதல்நாள் அம்மா இரண்டு மணித்தியாலம் ரயிலில் போய், அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து, அம்மன் காலடியில் வைத்த நாலு தேசிக்காயோடு வந்தார். எலுமிச்சை என்றும் சொல்வார்கள், சின்னச் சின்னப் பச்சைத் தேசிக்காய். அப்பா பழைய கார் ஒன்று வாங்கியபோது நாலு சில்லுக்கும் நாலு வைத்து ஏற்றி நசித்தவர்தான் அம்மா. என் முதல் சைக்கிளுக்கு இரண்டு. சில்லு உருளுகிற இடத்தில் வைப்பது போல, ஆட்கள் ஓடி மிதிக்கிற இடத்தில் வைக்கவேண்டும் என்பது அம்மாவின் கணக்கு.

“மாமாவுக்குச் சொல்லாதை, அவன் சிரிப்பான். நீ சின்னப்பிள்ளை, உன்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்,” என்றார்.

காலையில் மாமாவோடு போனேன். ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்து மைதானத்தில் படுத்திருந்தது. அணைக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் போனது. ஆறு தெரியவில்லை, கப்பலின் கூரை மட்டும் புல்லின்மேல் நடந்து போவதுபோல மெதுவாகப் போனது. மாமா திண்டுகளைக் கொண்டுவந்து பொருத்தினார். ஒவ்வொரு திண்டின் அடியிலும் ஒரு இரும்புக் கால் இருக்கும். நிலத்தில் புதைத்த குழாய்க்குள் அதை இறக்கிவிட்டால் யானை இழுத்தாலும் அசையாது. ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று மிதித்துப் பார்த்தார். இரண்டாம் திண்டைச் சுற்றித் தண்ணீர் தெளித்தார். பிறகு சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு கோடு போடப் போனார். தூரம் போகப் போக அவர் வெளுத்து, கடைசியில் மூடுபனிக்குள் ஒரு வண்டிச் சத்தமாக மட்டும் இருந்தார்.

முதலாம் திண்டு என்னால் அசைக்க ஏலாமல் இருந்தது. மூன்றாவதும் அப்படித்தான். ஈரத்தில் நின்ற இரண்டாவது மட்டும், நெஞ்சோடு அணைத்து இழுத்தபோது எழும்பி வந்தது. கீழே குழாயின் வாய் சரியாகத் தேசிக்காய் அளவில் இருந்தது. யாரோ இதற்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தோசப்பட்டேன். ஒன்றைப் போட்டு, திண்டை மேலே வைத்து, அது நிலத்தோடு படியும்வரை ஏறிக் குதித்தேன். மிச்ச மூன்றையும் வேலிச் செடிக்குள் எறிந்துவிட்டு, நாலும் வைத்தாயிற்று என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

ஆட்டம் மத்தியானம் தொடங்கியது. அம்மா மரக்கறி ரோல்ஸும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்து அணைக்கரைச் சரிவில் விரிப்புப் போட்டார். பேஸ்போலில் அதிக நேரம் ஒன்றும் நடப்பதில்லை. வெயில் வந்து மூடுபனியை எடுத்துப் போனது. வெள்ளை உடுப்புக்காரர்கள் நிற்பார்கள், குனிவார்கள், நிமிர்வார்கள், எச்சில் துப்புவார்கள். எங்கோ தொலைவில் ஒரு சத்தம் கேட்கும். பிறகுதான் பந்து வானத்தில் தெரியும். நான் அம்மாவின் மடியில் தலை வைத்து, கண் மூடுவதும் திறப்பதுமாகக் கிடந்தேன். எந்தப் பந்து கனவில் போனது, எது உண்மையில் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆற்று மனிதர் வந்து கரையில் இருந்து பார்த்ததாகக்கூட ஒரு ஞாபகம் இருக்கிறது.

அம்மாவின் மடி இறுகியபோது விழித்தேன். ஒன்பதாவது சுற்று, கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சமன். எங்கட பேக்கரிக்காரர் முதலாம் திண்டில் நின்றார். எதிரணிக்காரர் பந்தை எறிந்த கணத்திலேயே இவர் இரண்டாம் திண்டை நோக்கி ஓடத் தொடங்கினார். பந்து அவருக்குப் பின்னால் பறந்து வந்தது. அவர் நெஞ்சால் விழுந்து மண்ணில் சறுக்கி இரண்டு கையாலும் திண்டைப் பிடித்தார். திண்டு பிடுங்குப்பட்டு அவரோடு சேர்ந்து போனது. ஒரு ஆள் நீளத்துக்கு அப்பால் போய், அதைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தார். திண்டின் இடத்தை விட்டு விலகியவரைப் பந்தால் தொட்டால் ஆட்டமிழப்பு; எதிரணிக்காரர் ஓடிப்போய்ப் பந்தால் அவர் முதுகில் தொட்டார். எங்கள் பக்கம் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. ஆட்டமிழந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நடுவர் கைகளை இரண்டு பக்கமும் விரித்தார். ஆட்டமிழக்கவில்லை. பிடித்த பிறகு திண்டு கழன்றால் அது ஓடினவரின் குற்றமில்லை என்று ஒரு விதி இருக்கிறதாம். அதற்குள் எதிரணியில் ஒருவர் குழாய்க்குள் கையை விட்டு, சப்பளிந்த பச்சைச் சாமான் ஒன்றை எடுத்து வெயிலில் தூக்கிக் காட்டினார். கத்தல் எழும்பியது. மாமா வாரியோடு நடந்து போனார். அந்த ஆளின் கையிலிருந்து அதை வாங்கினார். மூக்குக்குக் கிட்ட வைத்து மணந்தார். பிறகு, அத்தனை சனத்துக்கு நடுவில், நேரே எங்கள் விரிப்பைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் கை காட்டினேன். மாமா தேசிக்காயைச் சட்டைப் பைக்குள் போட்டு, திண்டை இறக்கி, மேலே ஏறி மிதித்து, மண்ணை வாரிச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த அடியில் பேக்கரிக்காரர் ஓடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வென்றோம். எங்கட பெடியள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். தலைவர் மாமாவின் தலையில் பியர் ஊற்றினார். என் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது: அணி முதலாம் பிரிவுக்குப் போய்விட்டது, ஆகவே மாமா இருப்பார். அம்மன் ஒரு தேசிக்காயாலேயே செய்து முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என்னை அறைக்குள் அனுப்பி, கார்ட்டூன் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். குசினிக்குள் அவர்கள் கதைத்ததைப் பல வருடங்களுக்குப் பிறகு அம்மா துண்டு துண்டாகச் சொன்னார். எதிரணி முறைப்பாடு கொடுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விசாரணை. எங்கள் பக்கத்து ஆள் யாராவது வேண்டுமென்று திண்டில் கை வைத்ததாகத் தெரிந்தால் ஆட்டத்தைத் திரும்ப ஆடவேண்டும். மைதானக்காரரின் கவனக்குறைவு என்றால் வெற்றி வெற்றிதான். அம்மா தானே போய் உண்மையைச் சொல்வதாக அழுதிருக்கிறார். ஒரு பிள்ளை கோயில் தேசிக்காய் வைத்ததென்றால் மாமாமேல் ஒருவரும் குற்றம் சொல்லமாட்டார்கள், திரும்ப ஆடினாலும் பெடியள் வெல்லுவாங்கள், கடிதமும் கிடைக்கும் என்பது அவருடைய வாதம்.

“வெல்லாட்டில்?” என்று மாமா கேட்டாராம். “அவங்கள் ரெண்டு வருசமாப் பாடுபட்டு வெண்டது அக்கா. எனக்காக அதைத் திருப்பிக் குடுங்கோ எண்டு கேக்க ஏலாது. பிள்ளையையும் ஊருக்கு முன்னால நிப்பாட்ட ஏலாது. விடுங்கோ.”

கார்ட்டூன் சத்தத்துக்கு ஊடாக எனக்குக் கேட்டது அந்த ‘விடுங்கோ’ மட்டும்தான். தேசிக்காயைப் பற்றி வெளியில் வாய் திறக்கக்கூடாது என்று அன்றிரவு அம்மா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார்.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு ஒரு வங்கியில் துப்புரவு வேலை, அப்பாவுக்குச் சமையலறை. வேறு ஆள் இல்லாததால் மாமா என்னைத்தான் கூட்டிப் போனார். கழக வீட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும், இந்தப் பக்கம் தலைவர், மாமா, கால் நிலத்தில் முட்டாத நான். பெண் கேட்கக் கேட்க நான் தமிழாக்கினேன். காலையில் திண்டுகளைப் பொருத்தியது யார்? மாமா. சரிபார்த்தது யார்? மாமா. அதற்குப் பிறகு வேறு யாராவது தொட்டார்களா?

“ஒருத்தரும் தொடேல்லை எண்டு சொல்லு,” என்றார் மாமா.

சத்தியத்தை மறந்துவிட்டு, “மாமா, நான்தானே...” என்று தமிழில் தொடங்கினேன். மாமாவின் முகம் மாறவில்லை. தன் பதிலின் மிச்சத்தைச் சொல்பவர்போலச் சிரித்த முகத்தோடு, அந்தப் பெண்ணைப் பார்த்தபடியே சொன்னார்.

“இப்ப நீ என்ர வாய் மட்டும். வாய் தன்ர பாட்டில கதைக்கிறேல்லை.”

ஒருத்தரும் தொடவில்லை என்று நான் ஜெர்மனில் சொன்னேன். பழம் எப்படி உள்ளே போனது என்று கேட்டார்கள். வேலை செய்யும்போது உப்புத் தொட்டுத் தேசிக்காய் தின்பது எங்கள் பழக்கம், கையிலிருந்தது உருண்டு விழுந்திருக்கும், நான் கவனமாகப் பார்க்கவில்லை, பிழை என்னுடையது என்றார் மாமா. இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். நான் ஒரு சொல்லும் விடாமல், என் நல்ல பள்ளிக்கூட ஜெர்மனில் எடுத்துச் சொன்னேன். பெண் எழுதினார். தலைவர் தன் நகத்திலிருந்த நீலத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். ஒரு தரமும் நிமிரவில்லை. எழுதி முடித்ததும் அந்தப் பெண், இவ்வளவு அழகான ஜெர்மனை எங்கே படித்தாய் என்று என்னைக் கேட்டார். எத்தனையாம் வகுப்பு என்றும் கேட்டு, ஒரு சொக்கிளேற் தந்தார். நான் வாழ்க்கையில் அதற்கு முன்பு அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. பிறகும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைவிட்டுப் போய்விட்டது. தொழில் பழகத் தொடங்கிய இரண்டு அவுஸ்பில்டுங்கும் பாதியில் நின்றன. என் ஜெர்மனை யாரும் திரும்பப் புகழவில்லை.

வெற்றி நிலைத்தது. கடிதம் வரவில்லை. கவனமில்லாதவர் என்று ஒரு தாளில் எழுதப்பட்ட ஆளைப் பொறுப்பானவர் என்று இன்னொரு தாளில் எழுதத் தலைவரால் முடியவில்லை. அதைச் சொல்ல அவரே வீடு தேடி வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கழக நிர்வாகத்துக்கு முன்னாலும் அலுவலகத்திலும் மாமா தனியாகவே போய் நின்றார். சொல்லவேண்டியதைத் தானே சொல்வேன் என்று, அந்த இரண்டு இடத்துக்கும் என்னைக் கூட்டிப் போகவில்லை. பனி விழத் தொடங்கமுன் ஒருவரின் காரில் பிரான்சுக்குப் போனார். அங்கே பல வருடம் தாளில்லாமல் சமையலறைகளில் நின்றார். இப்போது அவரிடம் தாள் இருக்கிறது, முதுகு இல்லை. போனில் கதைக்கும்போது நாங்கள் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கதைப்பதில்லை.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை இது ஒன்றும் இன்னும் நடக்கவில்லை. விசாரணை முடிந்து அணைக்கரையில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். கீழே ஆறு வெயிலில் அசையாததுபோலக் கிடந்தது. நான் சொக்கிளேற்றை உமிந்துகொண்டு வந்தேன். மாமா திடீரென்று, கவனமாகப் பார்க்கவில்லை, பிழை என்னுடையது என்பதை நீ எப்படிச் சொன்னாய், திரும்பச் சொல் என்று கேட்டார். சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார். தொண்டைக்குள்ளிருந்து வரும் அந்த ஒலி அவருக்கு வரவில்லை. நின்று, என் வகுப்பு ஆசிரியையைப்போல ஒரு விரலை உயர்த்தி, திரும்ப என்றேன். அவர் திரும்பச் சொன்னார். நாயோடு போன ஒரு கிழவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். முதலில் நாலு போட்டேன். ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் ஒன்றுதான் ஆகத் திறமான புள்ளி. பாலத்தடியில் மூன்று ஆக்கினேன். தேவாலயத்துக்குக் கிட்ட வந்தபோது இரண்டு. எங்கள் கட்டடத்தின் வாசலில் மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நேராக நின்று, ஒரு பிழையும் இல்லாமல், இங்கேயே பிறந்த ஒருவரைப்போல அந்த வசனத்தைச் சொன்னார். நான் கைதட்டி அவருக்கு ஒன்று போட்டேன். இத்தனை வசனம் இருக்க, அவருக்கு ஏன் அந்த ஒன்று மட்டும் போதும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மிச்ச ஜெர்மனை நாளையிலிருந்து படிப்பிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன்.